சுங்கை சிப்புட்டில் வாங்கிய ஏழைப் பள்ளிப் படங்கள்: படம் அருமை, பிரேம் மட்டம்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்காக நடத்திய தர்மப் பள்ளிகளின் பழைய அச்சுப்படங்களை, பிரேம் போட்டு, நான்கு படம் ஒரு செட் என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு பிரேம் கடையில் விற்கிறார்கள். சாமி படம், கல்யாணப் படம், எஸ்.பி.எம். பள்ளித் தேர்வுச் சான்றிதழ், பட்டமளிப்புப் படம், இவைதான் அந்தக் கடையின் வழக்கமான வியாபாரம். கடைக்காரர் அண்ணனின் மகன் இங்கிலாந்தில் படிக்கும் இடத்தில் பழைய செய்தித்தாள் பக்கங்கள் விற்பவர்களைப் பழக்கம் பிடித்துக்கொண்டு, கட்டுக்கட்டாக வாங்கி அப்பாவுக்கு அனுப்புகிறார். ரயில், கப்பல், கோட்டை, ராணியின் ஊர்வலம் என்று வந்ததில் இந்தப் பள்ளிப் படங்களும் இருந்தன. யாரும் சீண்டாமல் மூலையில் கிடந்தன. கடைத்தெருவில் ஒரு மாடியில் டியூஷன் நடத்துகிறேன், சுவர் முழுக்கப் பெருக்கல் வாய்ப்பாடும் அட்டவணையும்தான், வேறு ஏதாவது மாட்டலாமே என்று தேடியபோது இவை கண்ணில் பட்டன.

“ஏன் டீச்சர், நம்ம தோட்டத்துக் கஷ்டம் போதாதா, வெள்ளக்காரன் வீட்டுக் கஷ்டத்தையும் காசு கொடுத்து மாட்டணுமா?” என்று அண்ணன் சிரித்தார். கேள்வி நியாயம்தான். ஆனால் ரப்பர் தோட்டத்துத் துரை என்றாலே பங்களாவும் தொப்பியும் என்று கேட்டு வளர்ந்த ஊர் இது. அந்தத் துரைமார்களின் சொந்த நாட்டிலேயே செருப்பில்லாத பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகத் தெருவில் அலைந்தார்கள் என்று வாயால் சொன்னால் என் மாணவர்கள் நம்ப மாட்டார்கள், படமாகப் பார்த்தால் நம்புவார்கள்.

விலையை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாக அச்சடித்த பிரதி என்றால் பிரேமோடு 65 ரிங்கிட். அந்தக் காலத்துச் செய்தித்தாளிலிருந்து எடுத்த அசல் பக்கம் என்றால் பிரேமோடு 280. நான் இரண்டு பிரதி, இரண்டு அசல் எடுத்தேன். நான்கும் ஒரே தரமில்லை, அதனால் தனித்தனியாகவே சொல்கிறேன்.

செட்டிலேயே சிறந்தது ஜான் பவுண்ட்ஸ் படம். இது பிரதிதான், ஆனாலும் 65 ரிங்கிட்டுக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. போர்ட்ஸ்மவுத் துறைமுக ஊரில் செருப்புத் தைத்தவர் இவர். சிறுவயதில் கப்பல்பட்டறையில் வேலை பழகப் போய், 15 வயதில், கப்பலைப் பழுது பார்க்கும் உலர்துறைக்குள் விழுந்து வாழ்நாள் முழுக்க உடல் ஊனமானவர். அப்புறம் செருப்புத் தொழிலைக் கற்றுக்கொண்டு சின்னதாக ஒரு கடை போட்டார். தெருவில் சுற்றிய பிள்ளைகளை அந்தக் கடைக்குள்ளேயே உட்காரவைத்து எழுத்தும் கணக்கும் சமையலும் செருப்பு தைக்கவும் சொல்லிக் கொடுத்தார், ஒரு காசு வாங்காமல். வர மறுக்கும் பையன்களுக்குச் சுடச்சுட உருளைக்கிழங்கைக் காட்டி இழுத்து வருவாராம். படத்தில் மூக்குக் கண்ணாடியோடு, மடியில் செருப்போடு அவர் நடுவில் இருக்கிறார், சுற்றிலும் இடம் கொள்ளாமல் பிள்ளைகள். வாத்தியார் என்றால் நின்றுகொண்டு பிரம்போடு இருக்க வேண்டும் என்று நினைக்கிற என் பையன்களுக்கு, வேலை பார்த்துக்கொண்டே பாடம் நடத்துகிற இந்த ஆள் பெரிய ஆச்சரியம்.

இந்தப் படத்துக்கு இன்னொரு கதையும் இருக்கிறது, அதுதான் நான் இதை நுழைவாசலிலேயே மாட்டியதற்குக் காரணம். ஸ்காட்லாந்தில் தாமஸ் கத்ரி என்ற பாதிரியார் அன்ஸ்ட்ரதர் என்ற சிறிய ஊரில் ஒரு சத்திரத்துக்குப் போயிருந்தபோது, அங்கே சுவரில் மாட்டியிருந்த படங்களில் ஒன்றாக இந்தச் செருப்புக் கடைக் காட்சியைப் பார்த்தார். கீழே இருந்த குறிப்பைப் படித்ததும் தன்னைப் பற்றியே வெட்கமாகிவிட்டது என்று பிற்பாடு அவரே எழுதியிருக்கிறார். 1847இல் எடின்பரோவில் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கி, சாப்பாடும் போட்டு, இந்த இயக்கத்தின் பெரிய குரலாக ஆனவர் அவர்தான். சத்திரச் சுவரில் தொங்கிய ஒரு படம் ஒருவரை இவ்வளவு தூரம் இழுத்திருக்கிறது. கடைக்காரர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். “அப்ப விலைய ஏத்தணும் போல” என்றார். ஏற்றவில்லை, நன்றி.

இரண்டாவது, லண்டன் பீல்ட் லேன் பள்ளி வகுப்பறை. இதுவும் பிரதி. படம் இருட்டாக இருக்கிறது, ஸ்கேன் செய்தவர் கவனமாகச் செய்யவில்லை, பின் வரிசைப் பிள்ளைகளின் முகங்கள் மையில் மூழ்கிவிட்டன. விஷயம் தெரியாதவர் இதில் எதையும் பார்க்கப் போவதில்லை. 1843 செப்டம்பரில் சார்லஸ் டிக்கன்ஸ் நேரில் போய்ப் பார்த்து அதிர்ந்துபோன பள்ளி இது. ஆஞ்செலா பர்டெட் கூட்ஸ் என்ற பெரும் பணக்காரப் பெண்மணிக்கு அங்கே கண்டதை விவரித்து, உதவச் சொல்லிக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு, அதாவது 1844இல், இப்படிச் சிதறிக் கிடந்த பள்ளிகளெல்லாம் சேர்ந்து ‘ரேகட் ஸ்கூல் யூனியன்’ (கந்தல் பள்ளிகளின் சங்கம்) என்று ஒரு சங்கமாயின. பிற்பாடு ஷாஃப்ட்ஸ்பரி பிரபு என்று அறியப்பட்ட ஆஷ்லி பிரபுதான் அதற்குத் தலைமை. மாட்டுக் கொட்டகை, பரண், ரயில் பாலத்தின் வளைவுக்கு அடியில் என்று கிடைத்த இடத்திலெல்லாம் நடத்தினார்கள். பாடம் சொன்னவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள், பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் வந்தவர்கள். 1881 வரை லண்டனில் மட்டும் சுமார் 3 லட்சம் பிள்ளைகள் இந்தப் பள்ளிகளில் படித்திருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். இவ்வளவு கனமான விஷயத்துக்கு இவ்வளவு மோசமான பிரதியைப் போடுவது அநியாயம். இதை மட்டும் திருப்பிக் கொடுத்து வேறு நல்ல பிரதி கேட்டிருக்கிறேன், மகனிடம் சொல்லியிருப்பதாக அண்ணன் சொன்னார்.

மூன்றாவது லண்டன் லாம்பெத் பள்ளி. இது அசல், 1840களின் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ பக்கம். 280 ரிங்கிட் கொடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு போங்கள். அந்தப் பத்திரிகை 1842இல் ஆறு பென்னி விலைக்கு வெளிவரத் தொடங்கியது, வாரம்தோறும் மரச்செதுக்குப் படங்களோடு. பாக்ஸ்வுட் என்ற மரத்தின் குறுக்குவெட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்சடித்தார்கள். அந்த மரம் பருமனாக வளராது, அதனால் பெரிய படம் வேண்டுமென்றால் சின்னச் சின்னக் கட்டைகளை ஒன்றாக இணைப்பார்கள். அவசரச் செய்தி என்றால் கட்டைகளைப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து இரவோடிரவாகச் செதுக்கி, மறுபடி சேர்த்து அச்சுக்கு அனுப்புவார்கள். என் பக்கத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்த இணைப்பு, மயிரிழை அளவு வெள்ளைக் கோடாக, ஒரு டீச்சரின் தோள் வழியாக நேராக ஓடுகிறது. அதைக் கண்டதும்தான் எனக்குக் காசு போனதில் வருத்தமில்லை என்று ஆயிற்று.

அசலா பிரதியா என்று கண்டுபிடிக்க இதுவே போதும், ஆனால் இன்னும் எளிதான வழியும் உண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அசலில் கறுப்புக் கோடுகள் மட்டும் இருக்கும். இப்போதைய அச்சில் கலர் கலராகப் பொட்டுகள் தெரியும். அப்புறம் பின்பக்கம். செய்தித்தாள் பக்கம் என்பதால் பின்னால் வேறு செய்திகள் அச்சாகியிருக்க வேண்டும். பின்னால் வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கலர் இருந்தாலும் கவனம் தேவை. அந்தப் பத்திரிகை அந்தக் காலத்தில் சாதாரணமாகக் கறுப்பு வெள்ளைதான். பெரும்பாலும் பிற்காலத்து வியாபாரிகள்தான் விற்பனைக்காகத் தூரிகையால் வர்ணம் பூசுவார்கள். கடையில் சிவப்புப் பாவாடை போட்ட பெண்பிள்ளைகளோடு ஒன்று இருக்கிறது, பார்க்க அழகுதான், அதையும் 280 என்கிறார்கள். நான் எடுக்கவில்லை. இன்னொன்று, அந்தக் காலத்துத் தாள் பெரும்பாலும் பழந்துணியை அரைத்துச் செய்தது. மரக்கூழ்த் தாள் பரவியது அதற்குப் பிறகுதான். அதனால்தான் இந்தப் பக்கம் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் மடித்தால் உடையாமல் இருக்கிறது. நம் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய பத்திரிகைகளைத் தொட்டால் நொறுங்குகிறதே, அது மரக்கூழின் கோளாறு.

நான்காவதில்தான் எனக்குக் கோபம். காலணிக்கு மெருகு போடும் பையன்கள், ஷூபிளாக் பிரிகேட் என்று பெயர், 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வருகிறவர்களின் காலணியைத் துடைக்க இந்தப் பள்ளிகளின் பிள்ளைகளைச் சிவப்புச் சட்டை போட்டு இறக்கினார்கள். கண்காட்சி முடிந்தும் அது நிலைத்துவிட்டது. சம்பாதித்ததில் ஒரு பங்கு பையன் கைக்கு, ஒரு பங்கு அவன் பெயரில் சேமிப்புக்கு, ஒரு பங்கு சங்கத்துக்கு. அருமையான படம், அசல் பக்கம், ஆனால் அதைக் கடையில் வேலை செய்யும் தம்பி பின்பக்கம் முழுக்கப் பசை அடித்து ஒரு அட்டையில் ஒட்டியே விட்டார். சுருக்கமில்லாமல் இருக்க வேண்டுமாம். கல்யாணப் படத்துக்கு அது சரி. நூறு ஆண்டு தாண்டிய தாளுக்கு அப்படிச் செய்தால் அதன் மதிப்பு பாதிக்குமேல் போய்விடும், பின்னால் இருக்கும் அச்சையும் இனி யாரும் படிக்க முடியாது, அட்டையில் இருக்கும் அமிலம் மெதுவாகத் தாளுக்குள் இறங்கும். பிரேமைத் திறந்து பார்க்காமல் வாங்கினால் இது தெரியாது. அண்ணனிடம் சொன்னதும் 80 ரிங்கிட் திருப்பிக் கொடுத்தார். “தம்பிக்குத் தெரியாது டீச்சர், அவன் சாமி படம் ஒட்டுற பையன்” என்றார். தம்பியைத் திட்டிப் பயனில்லை, சொல்லிக் கொடுக்காதவர் யார் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

பிரேமுக்கு வருவோம். கறுப்பு மரம் போலத் தெரிவது மரமில்லை, பிளாஸ்டிக். அதைக்கூட மன்னிக்கலாம். பின்னால் ஹார்ட்போர்டு, சுற்றிலும் ஸ்டேப்ளர் பின், ஒரு பக்கம் பழுப்பு டேப் ஒட்டாமல் வாய் பிளந்து நிற்கிறது. கண்ணாடி நேராகப் படத்தின்மேலேயே படிகிறது, நடுவில் மவுண்ட் அட்டை இல்லை. மழை தொடங்கினால் சுவரே வியர்க்கும் ஊரில் கண்ணாடியும் தாளும் ஒட்டியிருந்தால் என்ன ஆகும்? ஈரம் உள்ளே தங்கும், பூஞ்சை பிடிக்கும், பழுப்புப் புள்ளிகள் கிளம்பும், சில இடங்களில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது கிழியும். ராமபாணப் பூச்சிக்கு அந்தத் திறந்த டேப் ஒரு வாசல். லண்டன் குளிரில் இத்தனை காலம் தப்பித்த தாளை சுங்கை சிப்புட் மழையில் சில ஆண்டுகளில் காலி செய்துவிடலாம்.

அதனால் லாம்பெத் படத்துக்கு மட்டும் ஈப்போவிலிருந்து அமிலம் இல்லாத மவுண்ட் அட்டையை நானே வாங்கிக் கொடுத்து, மறுபடி பிரேம் போடச் சொன்னேன். ஓரத்தில் இரண்டு சின்னத் துண்டு மெல்லிய தாளைக் கீல் மாதிரி வைத்து, மாவுப் பசையால் மேல்பக்கம் மட்டும் பிடிக்கவைத்துத் தொங்கவிட வேண்டும், பசை படத்தின் முதுகு முழுக்கப் படக் கூடாது. சொன்னதைத் தம்பி ஒழுங்காகச் செய்தார், கை நல்ல கை, வெட்டு சுத்தம். கூலி 45 ரிங்கிட் வாங்கினார்கள், அது நியாயம். பிரதிகளுக்கு இந்த மெனக்கெடல் தேவையில்லை, போனால் இன்னொன்று அச்சடிக்கலாம். ஆனால் எதையும் வெயில் நேரடியாக விழும் சுவரில் மாட்டாதீர்கள்.

பிரேமின் கீழே ஒட்டியிருக்கும் சின்ன லேபிள்கள் தப்பும் தவறுமாக இருக்கின்றன. ஜான் பவுண்ட்ஸ் படத்தில் ‘லண்டன், விக்டோரியா காலம், 1820’ என்று இருந்தது. அவர் லண்டன்காரரே இல்லை. 1820இல் விக்டோரியா கைக்குழந்தை, ராணியானது 1837இல். பவுண்ட்ஸ் 1839 ஜனவரி முதல் நாளே இறந்துவிட்டார். ஆக அவருடைய பள்ளியில் பெரும்பகுதி விக்டோரியாவுக்கு முந்தியது. பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் மாட்டப்போகும் படத்தில் ஆண்டு தப்பாக இருந்தால் நான் என்ன செய்ய? லேபிளைக் கிழித்துவிட்டு என் கையெழுத்திலேயே தமிழில் எழுதி ஒட்டினேன்.

இந்தப் படங்களை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலவும் நன்கொடை திரட்டத்தான் உதவின. பிள்ளைகளின் கந்தல் கொஞ்சம் கூடுதலாகவே கந்தலாகத் தெரியும், டீச்சரின் முகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே ஒளி. கடையில், ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லங்கள் நடத்திய பர்னார்டோவின் படங்களும் ஜோடியாக இருந்தன, முதல் படத்தில் அழுக்கும் கிழிசலுமாகப் பையன், இரண்டாவதில் அதே பையன் சுத்தமான சட்டையில் வேலை செய்கிறான். தாமஸ் பர்னார்டோ பெரிய வேலை செய்தவர்தான், 1877இல் கிழக்கு லண்டனில் கால்வாய்க் கரைக் கிடங்குகளில் அவர் திறந்த காப்பர்பீல்ட் ரோடு பள்ளி 1908 வரை நடந்தது, இப்போது அது அருங்காட்சியகம். ஆனால் அதே 1877இல் அவருடைய இல்லங்களைப் பற்றிய புகார்கள் நடுவர் விசாரணை வரைக்கும் போயின. பெரும்பாலான குற்றச்சாட்டுகளில் தப்பித்தார். படங்களை அப்படி ஜோடித்தது சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டார்கள். வாங்குங்கள், ஆனால் அந்தக் கதையோடு சேர்த்து மாட்டுங்கள். நான் வாங்கவில்லை, சுவரில் இடமில்லை.

மாட்டிய பிறகு என் மாணவர்கள் முதலில் பார்த்தது காலைத்தான். “டீச்சர், வெள்ளக்காரப் பிள்ளைங்களும் செருப்புப் போடலியா?” ஒரு பாட்டி, பேத்தியைக் கூட்டிப்போக வந்தவர், லாம்பெத் படத்தின் முன்னால் நின்று, எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல இவ்வளவு பெஞ்சுகூடக் கிடையாது, தரையிலதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து பெரிய பிள்ளைகளுக்கு ஒரு பாடமே எடுத்துவிட்டேன். பிரிட்டனில் 1833 தொழிற்சாலைச் சட்டம், பஞ்சாலையில் வேலை செய்யும் 9 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு இரண்டு மணி நேரமாவது பாடம் வேண்டும் என்றது. இங்கே மலாயாவில் 1923 தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. இரண்டிலும் முதலாளி தலையில்தான் பள்ளியைக் கட்டினார்கள், இரண்டிலும் முதலாளி எவ்வளவு குறைவாகச் செய்யலாம் என்றுதான் பார்த்தார். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, பல இடங்களில் கிராணி என்ற தோட்டக் கணக்கரோ ஆட்களை மேய்க்கும் கங்காணியோதான் வாத்தியார். இங்கிலாந்தில் 1870இல் கல்விச் சட்டம் வந்து, 1880இல் கட்டாயமாகி, 1891இல் இலவசமும் ஆனதும் இந்தத் தர்மப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடின, தேவை முடிந்தது. நம் பள்ளிகளுக்கு நடந்தது வேறு. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816இல் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கு வைத்து இரு நூற்றாண்டு கொண்டாடினோம். தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஆட்கள் தாமான் என்ற வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபோன பிறகும் 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இன்னும் நடக்கின்றன.

சரி, கடைக்கு வருகிறேன். பேச்சு நல்ல பேச்சு, கேட்டதைச் செய்து கொடுக்கிறார்கள், மோட்டாரில் வந்து மாடியில் ஏற்றி ஆணி அடித்துக் கொடுத்ததற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. ஈப்போவில் இதே அளவுப் படத்துக்குப் பிரேம் மட்டுமே 90 ரிங்கிட் சொன்னார்கள், அந்த வகையில் மலிவு. குறை என்றால் பொருளைப் பற்றி அவர்களுக்கே தெரியவில்லை, அசலையும் பிரதியையும் ஒரே அடுக்கில் கலந்து வைத்திருக்கிறார்கள், தெரியாமல் ஒருவர் பிரதியை அசல் விலைக்கு வாங்கிப் போக வாய்ப்பிருக்கிறது. ஏமாற்றுகிற ஆட்கள் இல்லை, கவனக்குறைவு. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், பவுண்ட்ஸ் படத்துக்கு மட்டும் என்றால் ஐந்து.

அசல் வாங்குகிறவர்கள் பிரேம் போடுவதற்கு முன்பே பக்கத்தை வெறுமனே கையில் கேளுங்கள், பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, பசை வேண்டாம் மவுண்ட் போடுங்கள் என்று தாளிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், தம்பிக்கு வாயால் சொன்னால் மறந்துவிடுகிறது. காலையில் போனால் அண்ணன் இருப்பார். மத்தியானத்துக்கு மேல் தம்பி மட்டும்தான், விலை பேச முடியாது.